முகம் விழாமல் எடுத்த படங்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, அடுப்பில் கறி கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அப்போதே பதில் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், அப்பா நடுவில் வந்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்துகிறேன் என்று மூன்றாவதாகக் கத்தியிருப்பார். அதனால் எழுதுகிறேன். அடுத்த கிழமை நீ சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறாய். உன்னுடைய சீனக் கிழவி விட்டுப்போன பெட்டிகளைத் திறந்து, அவளையும் அவள் எடுத்த படங்களையும் பற்றி ஒரு படம் செய்யப்போகிறாய். நல்லது, போய் வா. என் மகன் டாக்டராகவில்லை என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்; நீதான் நான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரிகிறாய். ஆனால் நீ கேட்டது வேறு. அந்தப் படத்துக்குள் மாமாவையும் போடலாமா என்று கேட்டாய். என் கூடப்பிறந்த தம்பியை. எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டும்போது நீ எடுத்த வீடியோத் துண்டை, அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அந்த ஒரு நிமிடத்தை. போடு, போடாதே, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கிழவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் லண்டனுக்கு வந்தபோது தேம்ஸ் கரையில் இருக்கிற அந்தத் திரையரங்குக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். நான் பாதியில் தூங்கிவிட்டேன் என்று இன்றைக்கும் நீ எல்லோரிடமும் சொல்கிறாய். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்கவில்லை. மாமா போய் ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. இருட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அந்தச் சின்ன உருவம் கைத்தடியோடு மேடைக்கு ஏறி, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து கதைக்கத் தொடங்கியது. என் இங்கிலீஷுக்கு விளங்கும்படி மெதுவாகக் கதைத்தாள். அதற்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அமெரிக்காவில் பிறந்த சீனப் பெண். தகப்பனுக்கு உடுப்புத் துவைக்கிற கடை. பகலில் கடையில் துணி மடித்துவிட்டு, மாலையில் சீனத் தெருவின் கூத்து மண்டபத்தில் டிக்கெட் கிழித்திருக்கிறாள். அங்கே நடிக்க வந்த கூத்துக்காரர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றபோது, இவர்களை வைத்து எங்கள் பாஷையில் ஒரு பேசும் படம் எடுத்தால் என்ன என்று இந்தப் பெட்டைக்குத் தோன்றியிருக்கிறது. பெரிய ஸ்டூடியோக்களின் வாசலில் இவளை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. உள்ளே விட்டாலும் தட்டு ஏந்திக்கொண்டு வருகிற வேலைக்காரி வேடம்தான். ஆகவே ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கதையை எழுதி, நடிகர்களுக்கு உடுப்புத் தைத்து, கமராக்காரனுக்குச் சோறு சமைத்து, படத்தையும் தானே இயக்கியிருக்கிறாள். எடுத்த படத்தைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, ஊர் ஊராக, சீனச் சனம் இருக்கிற இடமெல்லாம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். சில இடங்களில் சத்தம் வராது. அப்போது திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரத்துக்கும் தானே பேசுவாளாம். கதாநாயகன் செத்துப்போகிற இடத்தில் அவனுக்காக முனகவும் செய்வாளாம். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஹாங்காங்குக்குப் போய் அங்கே சில படங்கள் எடுத்தாள். ஜப்பான்காரனோடு சண்டை வந்தது, திரும்பி ஓடி வந்தாள். வந்து இன்னும் சில படங்கள். அதற்குள் பழைய சனம் வயதாகிப் போய்விட்டது; அவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படம் வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தாள். பாதி ஆயுளை அந்தக் கடையில்தான் கழித்திருக்கிறாள். படங்களோ, இரவல் கொடுத்தவை திரும்பி வரவில்லை, மூடிய கொட்டகையில் கிடந்தவை குப்பைக்குப் போய்விட்டன, மிச்சம் சூட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போனது. எடுத்த அத்தனையிலும் ஒன்றரைப் படம்தான் இருக்கிறதாம். அந்த அரைப் படத்துக்கு முன்பாதி இல்லை. ஒரு பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், எதற்கு அழுகிறாள் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் மறந்துபோய்விட்டது என்றாள். யாரோ எழும்பி, நீங்கள்தான் முதல் ஆள், வழிகாட்டி என்று புகழ்ந்தார். கிழவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “முதல் ஆள் என்றால் பின்னால் யாராவது வந்திருக்க வேண்டும். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.” நீ அன்றைக்குக் கைதட்டினாய். நான் தட்டவில்லை. என் பிள்ளையும் இந்த வழியில்தானே போகப்போகிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதை மறைத்து என்ன பயன்.

அன்றைக்குப் போட்ட படத்தில் ஒரு விருந்து வருகிறதே, நீளமான மேசை, ஒரு பக்கம் நிறைய ஆட்கள், ஒருவனுடைய முகமும் தெரியாது, எல்லாம் முதுகு. அது ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். கிழவி சொன்னாள்: அந்த ஆட்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். அந்தக் காலத்தில் சீனர்களை நாட்டுக்குள் விடமாட்டார்கள், ஆகவே முன்பே இருந்தவர்களின் பிள்ளைகள் என்று பொய்ப் பேப்பர் காட்டி வந்தவர்கள். தகப்பன் பெயர் பொய், தங்கள் பெயர் பொய். நடிக்க வந்தால் நல்ல சாப்பாடு போடுவேன் என்றேன், வந்தார்கள். ஆனால் முகத்தைக் காட்ட மாட்டோம் என்றார்கள். நான் கமராவைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். யாராவது மறந்துபோய்த் திரும்பினால் அந்த இடத்தை வெட்டி எறிந்தேன். பல வருடம் கழித்து அவர்களுடைய பிள்ளைகள் என் கடைக்கு வந்து, உங்கள் படத்தில் எங்கள் அப்பா இருக்கிறாராமே என்று கேட்பார்கள். கடையைப் பூட்டிவிட்டுச் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டுவேன். இந்த முதுகு உன் அப்பா என்று சொல்வேன். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு முதுகைக் காட்டுவேன். அவர்கள் கிட்டப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

வெளியே வந்தபோது நீ என்னை அவளிடம் இழுத்துக்கொண்டு போய், அம்மாவும் கமராதான் பிடிக்கிறார் என்று சொன்னாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பார்த்து, “யாராவது திரும்பினால் வெட்டாதே” என்றாள். அந்த நேரத்தில் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீ யாரை நினைத்தாய் என்றும் தெரியும். அன்றைக்கே இந்தக் கேள்வி உன் வாய்வரைக்கும் வந்துவிட்டது, கேட்கத்தான் இவ்வளவு காலம் எடுத்திருக்கிறாய்.

அந்த முதுகுகள் எனக்குப் புதிது இல்லை, தம்பி. அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுக்கலாம் என்று கமரா வாங்கினார். முதல் கல்யாணத்திலேயே தாலி கட்டுகிற நேரத்தில் நின்ற நிலையில் தூங்கிவிட்டார். கசெட்டில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரைதான் வடிவாக விழுந்திருந்தது. அடுத்ததற்கு நான் போனேன். பொம்பிளை வீடியோ எடுக்கிறாவாம் என்று சிரித்தவர்கள்தான் பிறகு மணப்பெண்ணின் அறைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். லண்டனில் ஸ்ட்ரெதம், மிட்சம், அந்தப் பக்கம் செவன் கிங்ஸ் வரைக்கும், பள்ளிக்கூட மண்டபம் எங்கே வாடகைக்குக் கிடைத்ததோ அங்கெல்லாம் போனேன். அந்த வேலையில் நான் முதலில் படித்தது யாரை எடுக்கக்கூடாது என்பதைத்தான். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் இரண்டு மூன்று பொடியன்கள் மெல்லப் பக்கத்தில் வருவார்கள். “அக்கா, குறை நினைக்காதேங்கோ, என்ர முகம் விழாமல் எடுங்கோ.” ஏன் என்று நான் கேட்டதில்லை. கல்யாண கசெட் லண்டனில் நிற்காது. பிரதி எடுத்துக் கனடாவுக்கும் பாரிசுக்கும் கொழும்புக்கும் ஊருக்கும் அனுப்புவார்கள். ஊரில் ஒரு வீட்டில் கசெட் ஓடினால் அயல் முழுக்கக் கூடியிருந்து பார்க்கும். இது இன்னாரின் மகனல்லவா, இவன் லண்டனிலா நிற்கிறான் என்று ஒருத்தி சொன்னால் போதும், அது எந்தக் காதுக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. சிலருக்கு அங்கே, சண்டைக்குள் மாட்டியிருக்கிற வீட்டாரை நினைத்துப் பயம். சிலருக்கு இங்கே பயம், பேப்பரில் இருக்கிற பெயர் வேறு, பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆகவே சாப்பாட்டுப் பந்தியை நான் எப்போதும் பின்னால் நின்றுதான் எடுத்தேன். ஒரு மாப்பிள்ளையின் தாய் கசெட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டாள். “என்ன பிள்ளை, என்ர மகன்ர கலியாணத்துக்கு முதுகுகளே வந்தது?” அதில் ஒரு முதுகு அவளுடைய இளைய மகனுடையது. அவன்தான் அன்றைக்கு முதல் ஆளாக என்னிடம் வந்தவன். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மாமா எங்களிடம் வந்தபோது உனக்குப் பதினொரு வயது. வேறு ஒருவனுடைய பாஸ்போர்ட்டில், அவன் படத்தை உரித்துவிட்டு இவன் படத்தை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தலை மாற்றின பாஸ்போர்ட் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வோம், கத்தரிக்காய் என்று சொல்வது மாதிரி. வந்து இறங்கிய பிறகாவது சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் போட்டிருக்கலாம். பெயர் பொய் என்றால் கதையும் பொய் என்று திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று கூட்டிவந்த ஏஜென்ட் பயம் காட்டியிருந்தான். மாமா பயந்து அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டான். போட்டபின் மாற்ற முடியவில்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் யார், உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. வாய் தவறக்கூடாது என்று வீட்டுக்குள்ளும் அந்தப் பெயரைச் சொல்லியே பழகுவோம் என்று மாமாவே சட்டம் போட்டான். முதல் நாள் அப்பா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவன் எழும்பிப் போய் வாசலைத் திறந்து பார்த்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு ஒரு நாள் டாக்டரிடம் போன இடத்தில் நீ அவனுடைய உண்மைப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டாய். ரிசப்ஷனில் இருந்த வெள்ளைக்காரிக்கு எங்கள் பெயர் எது, ஊர் எது என்றே தெரியாது. இருந்தாலும் உன் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். நீ அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

எப்படிப்பட்ட பகிடிக்காரன் அவன், ஆட்களை எப்படிச் சிரிக்க வைப்பான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கமராவைக் கண்டால் மட்டும் அவனுக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்தால் எழும்பமாட்டான். கல்யாணம் கட்டியபோது எடுத்த படங்கள் இருக்கின்றன, குடிவரவு அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக ஆல்பம் போட்டு எடுத்தவை. மாமியைக் கொழும்பிலிருந்து அந்தப் பொய்ப் பெயரின் மனைவியாகத்தான் கூப்பிட்டான். அந்த ஆல்பத்தில் நிற்பவன் கோட் போட்ட யாரோ ஒருவன். தாடையை இறுக்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக நிற்கிறான்.

நீ எடுத்ததுதான் என் தம்பி. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், இரவல் கமராவோடு வந்து வீட்டில் கண்டதையெல்லாம் எடுத்தாய். மாமா குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றான், உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் சும்மா ஓடுகிற சத்தம் கேட்டது. என்ன நினைவில் இருந்தேனோ, சின்ன வயதில் கிணற்றடியில் கூப்பிடுகிற மாதிரி அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, “உந்தத் தண்ணியை நிப்பாட்டடா” என்று கத்தினேன். அவன் திரும்பினான். கையில் மீன், முகம் முழுக்கச் சிரிப்பு. “ஓம் அக்கா!” அதற்குப் பிறகுதான் கமராவைக் கண்டான். சிரிப்பு நின்றது. “மருமோன், இதை வெட்டிப் போடு, என்ன?” என்று உன்னிடம் கேட்டான். நீ ஓம் மாமா என்றாய். நீ சொன்ன ஓமும் அதே கசெட்டில் இருக்கிறது. வெட்டவில்லை நீ. அதற்கு உன்னை ஏசவேண்டுமா, கும்பிடவேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவன் செத்தது உனக்குத் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்தது தெரியாது. நீ அப்போது படிப்புக்காக எடின்பரோவில் நின்றாய். வேலை செய்கிற இடத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் பிறகு எழும்பவில்லை. மாமிக்கு இங்கிலீஷ் வராது, கைக்குழந்தையாக இருந்த மகள் சின்னவள் இடுப்பில். நர்ஸ் என்னிடம் வந்து நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டாள். அவனுடைய பேப்பரில் சகோதரி இல்லை. ஃப்ரெண்ட் என்றேன். அப்படியென்றால் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரே வயிற்றில் பிறந்தவள், கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் போடவேண்டும் என்றார்கள். எந்த ஊர், யாருடைய மகன், யாருடைய சகோதரன் என்று எழுதத்தானே அது. பேப்பரில் இருந்த பெயரையும் பேப்பரில் இருந்த ஊரையும் போட்டோம். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் யாரோ பாவம் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிப்போமே, அதுவும் அடிக்கவில்லை. படத்தோடு வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டுமே, யாருடைய வாழ்க்கையை எழுதுவது? அதற்குப் பிறகு ஒரு நாள் நீ வந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்த கசெட்டை எனக்குப் போட்டுக் காட்டினாய். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன நியாயங்கள் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டாய். படம் எடுக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? செத்தவருக்கு என்ன பயம் என்றாய். கிழவியே வெட்டாதே என்று சொன்னாளே என்றாய். சொன்னாள்தான். ஆனால் எப்போது சொன்னாள்? அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் மண்ணுக்குள் போன பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள்கூட அமெரிக்கர்களாகிவிட்ட பிறகு சொன்னாள். அவர்கள் உயிரோடு இருந்தபோது அவள் கையில் இருந்தது கத்தரிக்கோல். அதற்காக அவள் குறைந்துபோய்விட்டாள் என்று நான் நினைக்கவில்லை. நீ அவளைப் பற்றிப் படம் எடுக்கும்போது அவள் கொட்டகை பிடித்ததையும் பஸ்ஸில் பெட்டி தூக்கியதையும் காட்டுவாய். வெட்டி எறிந்த துண்டுகளையும் நினைத்துக்கொள். அவற்றை ஒருவரும் எந்தப் பெட்டியிலும் கண்டுபிடிக்கப்போவதில்லை. உன் தொழிலில் இது இருக்கிறது, தம்பி. நல்லதாக விழுந்ததை, அதைப்போல இன்னொன்று கிடைக்காது என்று தெரிந்தும், வெளியே காட்டாமல் வைத்திருக்க வேண்டி வரும். அதற்கு உன்னை ஒருவரும் பாராட்ட மாட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை போனை வைத்து, ஆத்திரம் ஆறியபோது என் மனதில் இருந்தது வேறு. போடட்டும் என்றுதான் இருந்தது. கூடப்பிறந்தவன் யாரென்று உலகம் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று இருந்தது. மாமியின் சம்மதத்தை வாங்கிவிட்டு உனக்கு ஓம் என்று சொல்லலாம் என்று நினைத்து, நீ எனக்கென்று தந்த பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேற்று சனிக்கிழமை பஸ் எடுத்து மிட்சத்தில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போனேன். மாமி அந்த கசெட்டை அதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்றே இருந்தவள். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

“மச்சாள், நீங்கள் போடச் சொல்லிச் சொன்னால் மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அவர் உங்கட தம்பி. ஆனா எங்கட விசாக் கேஸ் இன்னும் முடியேல்ல. அவற்ர அந்தப் பேரிலதான் நானும் பிள்ளையும் இஞ்ச நிக்கிறம். அது பொய் எண்டு வந்தால் நாங்கள் ஆர்?”

“அப்பிடி ஒண்டும் வராது. சீனாக்காரியின்ர படம். இதை ஆர் தேடிப் பாக்கப்போறான்?” நீ என்னிடம் சொன்னதையே நான் அவளிடம் சொன்னேன். எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது.

“ஒருக்கா போடுங்கோ, பாப்பம்” என்றாள். போட்டேன். குழாய்ச் சத்தம், என் குரல், அவன் திரும்பினான், சிரித்தான். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். இப்போது ஏழு வயது, தெரியும்தானே, வாய் ஓயாது. தகப்பன் போனபோது நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. ஆல்பத்தில் கோட் போட்டு நிற்பவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

“மாமி, இது டாடியா? டாடி சிரிக்கிறார்!” என்று என்னைத்தான் கேட்டாள், அவளுக்கு மாமி நான்; கேட்டுக்கொண்டே டிவிக்குக் கிட்டப் போய் நின்றாள். “அகெய்ன் போடுங்கோ.” திருப்பிப் போட்டேன். இரண்டாம் முறை அவள் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டாள். “ஆரைக் கூப்பிடுறீங்கள், மாமி?”

“உங்கட அப்பாவைத்தான்.”

“பட் அது டாடின்ர நேம் இல்லையே.”

மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அது அவருடைய அம்மா வைத்த பெயர் என்று சொன்னேன். அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இங்கிலீஷ் நாக்கில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மாமா போன பிறகு அந்தப் பெயரை இன்னொருவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொருமுறை சொல்லு என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“அப்ப ஸ்கூலில நான் எந்தப் பேரைச் சொல்லுறது?”

குசினியில் மாமி அசையாமல் நிற்பது தெரிந்தது. நான் பதில் சொல்ல வேண்டும் என்று அவளும் காத்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்கூலில இருக்கிற பேரையே சொல்லு, குஞ்சு. இந்தப் பேரை ஒருத்தருக்கும் சொல்லாத.”

சொன்னது நான்தான், தம்பி. உலகத்துக்கே காட்டலாம் என்று கசெட்டோடு பஸ் ஏறிப் போனவள். அவள் ஏன் என்று கேட்பாள் என்று இருந்தேன். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று உயிரை வாங்குகிற பிள்ளை, இதற்குக் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு தானே போய் கசெட்டை வெளியே எடுத்து என் கையில் தந்தாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

போடாதே. மாமா இல்லாமல் உன் படத்தை முடி.

அம்மா